கும்பினியின் ஸ்தானாபதி சர் தாமஸ் ரோ

பள்ளிக்கூடத்தில் இந்திய சரித்திரம் படித்தவர்களுக்கு சர் தாமஸ் ரோ என்ற பெயர் நினைவிருக்கும். ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் தர்பாருக்கு வந்து, ஆங்கிலேயர் வியாபாரம் செய்ய அனுமதி பெற்றுப் போனார் என்று பாடப் புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும். பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆனால் அவர் எழுதிவைத்த நாட்குறிப்பையும், லண்டனுக்கு எழுதிய கடிதங்களையும் பார்த்தால் கதை வேறு விதமாக இருக்கிறது. அவர் எதைக் கேட்டு வந்தாரோ அது அவருக்குக் கிடைக்கவில்லை. வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கிடைக்காமற்போன கதையைத்தான்.

ரோ பிறந்தது ஏறக்குறைய 1581-ஆம் ஆண்டு, லண்டனுக்கு அருகில் உள்ள லோ லேட்டன் என்னும் ஊரில். வியாபாரக் குடும்பம். பாட்டனார் லண்டன் மாநகரத்தின் மேயராக இருந்தவர். பேரனோ கடைப் பக்கம் போகாமல் ஆக்ஸ்போர்டில் படித்து, எலிசபெத் ராணியின் அரண்மனையில் ஊழியத்தில் அமர்ந்தார். அடுத்து வந்த ஜேம்ஸ் அரசர் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். அரசரின் பிள்ளைகளோடும் நல்ல பழக்கம். 1610-இல் தென் அமெரிக்காவின் அமேசான் நதி முகத்துவாரம் வரை கப்பலில் போய் வந்தார். 1614-இல் பார்லிமெண்டு அங்கத்தினர். பேர் இருந்தது, பழக்கம் இருந்தது. கையில் பணம் மட்டும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கும்பினியார் அவரைத் தேடி வந்தார்கள்.

கிழக்கிந்தியக் கும்பினி ஆரம்பமானது 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில். அவர்களுடைய முதல் கப்பல்கள் நம் பக்கத்துக்குத்தான் வந்தன. 1602-இல் லங்காஸ்டர் என்ற தலைவர் எலிசபெத் ராணியின் கடிதத்தோடு ஆச்சே துறைமுகத்தில் இறங்கினார். ஆச்சே சுல்தான் அந்தக் கடிதத்தை யானை மேல் அம்பாரியில், தங்கத் தாம்பாளத்தில் பட்டு மூடி ஊர்வலமாக எடுத்துவரச் செய்தார். மலாய் நாட்டு அரசவைகளில் கடிதம் கொண்டுவருகிறவனைவிடக் கடிதத்துக்கே மரியாதை அதிகம். கொண்டுவந்தவன் பின்னால் வந்தால் போதும். அங்கே காரியம் சுலபமாக நடந்தது.

மொகலாய ராஜ்யத்தில் அப்படி நடக்கவில்லை. 1608-இல் சூரத்துக்கு வந்த ஹாக்கின்ஸ் என்பவர் துருக்கி பாஷை பேசத் தெரிந்தவர். ஆகையால் சக்கரவர்த்தியோடு நேரடியாகப் பேசினார். சக்கரவர்த்திக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. 400 குதிரைகளுக்கான மன்ஸப் பதவி கொடுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஆனால் கும்பினிக்கு ஒன்றும் நடக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் எதிர்த்தார்கள், சூரத் வியாபாரிகள் எதிர்த்தார்கள், 1611-இல் அவர் வெறுங்கையோடு போனார். அடுத்து வந்தவர்களும் தங்களை ராஜதூதர் என்று சொல்லிக்கொண்டார்களே ஒழிய, உண்மையில் கும்பினிக் குமாஸ்தாக்கள். தர்பாரில் இருந்தவர்கள் அதைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. வியாபாரியைத் தூதர் என்று சொல்லி அனுப்பினால், தூதருக்குரிய மரியாதையும் போகும், வியாபாரிக்குரிய மரியாதையும் போகும்.

இதற்கு நடுவில் ஒரு விபரீதம் நடந்தது. 1613-இல் சக்கரவர்த்தியின் தாயார் மர்யமுஸ்ஸமானிக்குச் சொந்தமான ரஹீமி என்னும் பெருங்கப்பல், ஹஜ் யாத்ரீகர்களையும் விலையுயர்ந்த சரக்கையும் ஏற்றிக்கொண்டு செங்கடல் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. போர்ச்சுக்கீசியரின் அனுமதிச் சீட்டும் அதில் இருந்தது. இருந்தும் அவர்கள் அதைப் பிடித்து கோவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜஹாங்கீர் கடுங்கோபம் கொண்டார். பாதிரிகளின் கோவில் மூடப்பட்டது. டாமன் துறைமுகத்தின் மேல் படை போயிற்று. 1612-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் சூரத்துக்கு எதிரே போர்ச்சுக்கீசியரை முறியடித்திருந்தன. இதுதான் தருணம், உண்மையான ராஜதூதர் ஒருவரை அனுப்பிவைத்தால் நிரந்தர உடன்படிக்கை வாங்கிவிடலாம் என்று கும்பினியார் நினைத்தார்கள்.

நியமன ஏற்பாடு நம்மவர்கள் கவனிக்கத்தக்கது. கைச்சாத்து இட்டு அனுப்புகிறவர் அரசர். சம்பளம் கொடுப்பது கும்பினி. ஆண்டுக்கு 600 பவுன். சொந்த வியாபாரம் செய்யக்கூடாது. கும்பினியின் கொள்முதல் விற்பனையிலும் தலையிடக்கூடாது. அது கிட்டங்கியில் இருக்கும் ஏஜெண்டுகளின் பொறுப்பு. ஒருவருக்கு இரண்டு எஜமானர்கள். அரசரின் கௌரவத்தைக் காக்க வேண்டும், அதே சமயம் முதலாளிகளின் செலவையும் குறைக்க வேண்டும். மூன்று வருஷமும் ரோ பட்ட தொல்லையில் பாதி இதனால் வந்தது. புறப்படுவதற்குச் சற்று முன்பு அவர் ரகசியமாக விவாகம் செய்துகொண்டிருந்தார். மனைவி எலியனாரை ஊரில் விட்டுவிட்டே கப்பலேறினார்.

1615 மார்ச்சில் புறப்பட்ட நான்கு கப்பல்கள் செப்டம்பர் 18-ஆம் தேதி சூரத்தை அடுத்த சுவாலியில் நங்கூரம் போட்டன. ரோ கரை இறங்கியது 26-ஆம் தேதி. கப்பல்களில் பீரங்கி முழங்கிற்று. கரையில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அணிவகுத்து நின்றார்கள். கூடாரத்தில் கம்பளம் விரித்து சூரத்தின் முக்கிய உத்தியோகஸ்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கவில்லை. ரோ வெளியிலேயே நின்றுவிட்டார். அவர்கள் எழுந்தாலொழிய உள்ளே வர முடியாது என்று ஆள் அனுப்பினார். எழுந்தார்கள். உள்ளே போனார்.

சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்து ராஜதந்திரம் முழுவதும் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களால் ஆனது. யார் முதலில் எழுந்தார், யார் எத்தனை படி இறங்கி வந்தார், யார் யாரை முதலில் போய்ப் பார்த்தார் என்பதெல்லாம் கணக்கு. பேரேட்டில் பற்று வரவு எழுதுவதுபோல ஒவ்வொரு அரசவையும் இதை எழுதிவைத்தது. ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அடுத்து வருகிறவன் தலையிலும் அந்தப் பற்று ஏறும்.

அடுத்து வந்தது சுங்கச் சோதனை. சூரத்தில் இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் சுங்கச் சாவடிக்குப் போய், அதிகாரிகள் பார்த்து, நவாபுக்குப் பிடித்ததை அவர் சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் வெளியே வரும். ஆட்களின் மடியையும் பையையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு அரசரின் ஸ்தானாபதியும் அவருடைய ஆட்களும் சோதனைக்கு உட்படுவதில்லை என்று ரோ மறுத்தார். சாவடிக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். சோதனை என்று சொல்ல வேண்டாம், மரியாதைக்காகத் தழுவிக்கொள்கிறோம் என்றார்கள். தழுவுகிற சாக்கில் தடவிப் பார்க்கலாம் அல்லவா? வழியில் ரோவின் ஆள் ஒருவரை அப்படித் தழுவவும் செய்தார்கள். ரோ வாளில் கை வைத்தார், கைத்துப்பாக்கிகளைக் கேட்டார். சமாதானம் பேசி அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் சாமான்கள் சாவடியில் தங்கிவிட்டன. நவாப் ஜுல்பிகார் கான் முதலில் தம்மை வந்து பார்க்கவேண்டும் என்றார் ரோ. ரோதான் வரவேண்டும் என்றார் நவாப். ஒரு மாதம் இப்படியே போயிற்று. துறைமுகத்தில் சரக்கு தேங்கிக் கிடக்க, மேலே இருவர் மரியாதைக்குச் சண்டை பிடிப்பதைக் கண்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

இந்த இடத்தில் ரோவின் சமையற்காரன் கதையையும் சொல்லிவிடலாம். சூரத்துக்கு வந்த புதிதில் அவன் மிதமிஞ்சிக் குடித்துவிட்டு, தெருவில் பரிவாரத்தோடு போய்க்கொண்டிருந்த நவாபின் சகோதரரை வைதுகொண்டு வாளை உருவினான். அவனைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். இதற்கு நான் பரிந்து பேசமாட்டேன், உங்கள் இஷ்டப்படி தண்டியுங்கள் என்று ரோ சொல்லி அனுப்பினார். நவாபின் சகோதரரோ, குடிவெறியில் செய்தான் என்று கண்டு, ஒரு தீங்கும் செய்யாமல் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரோவின் பாதிரியார் டெர்ரி என்பவரே இதை எழுதிவைத்திருக்கிறார். கௌரவம் என்பது இரு தரப்பிலும் இருந்தது. அது எப்போதும் ஸ்தானாபதியின் பக்கமே நிற்கவில்லை.

நவம்பரில் புர்ஹான்பூர் வந்து ரோ ஜஹாங்கீரின் குமாரர் பர்வேஸைச் சந்தித்தார். தலையைத் தரையில் தொட்டு வணங்கச் சொன்னபோது மறுத்து, தம் நாட்டு முறைப்படி வணங்கினார். நாற்காலி கேட்டார், கிடைக்கவில்லை. காணிக்கையாக ஒரு பெட்டி மது கொடுத்தார். இளவரசர் அதை உடனே ருசி பார்க்க ஆரம்பித்து, அன்று மறுபடி சந்திக்கும் நிலையில் இல்லாமற் போனார். அங்கிருந்து ரோவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. டிசம்பர் 23-ஆம் தேதி ஆஜ்மீருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது பாதி உயிர்தான் இருந்தது.

1616 ஜனவரி 10-ஆம் தேதி சக்கரவர்த்தியின் முதல் தரிசனம். காலையில் ஜரோக்காவில் பிரஜைகளுக்குக் காட்சி, மாலை நான்கு மணியளவில் தர்பார், இரவில் குஸ்ல்கானாவில் நெருங்கியவர்களோடு சம்பாஷணை என்று ஜஹாங்கீர் ஒரு நாளும் தவறாமல் மூன்று முறை வெளியே வருவார். தர்பாரில் அரசருக்குக் கீழே தடுப்புக் கம்பிகள் உண்டு. முதல் தடுப்பில் ஒரு வணக்கம், உள் தடுப்பில் ஒரு வணக்கம், அரசரின் நேர் கீழே வந்ததும் மூன்றாவது வணக்கம். தம் நாட்டு முறைப்படிதான் வணங்குவேன் என்று ரோ முன்னதாகவே உத்தரவு வாங்கியிருந்தார். ஜஹாங்கீர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் அரசரின் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வந்தவரின் உடல் நலத்தை விசாரித்து, வேண்டுமானால் தம் வைத்தியர்களை அனுப்புவதாகவும் சொன்னார். மிக நல்ல வரவேற்பு.

அடுத்து வந்தது காணிக்கைகளின் முறை. ஒரு ஆங்கிலேயக் குதிரை வண்டி, விர்ஜினல் என்னும் நரம்பு வாத்தியமும் அதை வாசிக்க ஓர் ஆளும், சில கத்திகள், பூவேலை செய்த துண்டு, ரோவின் இடுப்பிலிருந்த வாள். சக்கரவர்த்தி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். இரவில், வண்டியில் ஏறி உட்கார்ந்து ஆட்களைக் கொண்டு இழுக்கச் சொல்லிப் பார்த்தார். ரோ போன பிறகு, இங்கிலாந்து அரசர் பெரிய அரசர்தானா, பெரியவரானால் இவ்வளவு அற்பமானவற்றை அனுப்புவாரா, ரத்தினங்கள் அல்லவா வரும் என்று எதிர்பார்த்தோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். அந்தச் செய்தி ரோவின் காதுக்கும் வந்தது. அவரும் அதை ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

வண்டிக்கு ஆன கதி இன்னும் வேடிக்கை. உள்ளே தைத்திருந்த வெல்வெட்டுத் துணி மங்கியிருந்தது. ஜஹாங்கீர் அதைக் கழற்றிப் போட்டு ஜரிகைத் துணி தைக்கச் சொன்னார். பித்தளை ஆணிகளை எடுத்துவிட்டு வெள்ளி ஆணிகள் அடிக்கச் சொன்னார். அதோடு, தம் தச்சர்களைக் கொண்டு அதைப் போலவே இன்னொரு வண்டியும் செய்துகொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் ஆஜ்மீரை விட்டுப் பாசறை கிளம்பியபோது உள்ளூரில் செய்த வண்டியில் சக்கரவர்த்தி போனார். இங்கிலாந்து வண்டி நூர்ஜஹான் பேகத்துக்கு. ஏழு மாதம் கடலில் கொண்டுவந்த சரக்கை ஆறு மாதத்தில் நகல் எடுத்துவிட்டார்கள்!

சித்திர விஷயமும் அப்படியே. ரோவிடம் சிறிய முகச் சித்திரம் ஒன்று இருந்தது. இதை உங்கள் ஓவியர்கள் எழுத முடியாது என்று அவர் சொல்ல, முடியும் என்று ஜஹாங்கீர் பந்தயம் கட்டினார். சில நாள் கழித்து இரவு விளக்கொளியில் ஒரு பலகை மேல் ஆறு சித்திரங்களை வைத்து, உன்னுடையது எது என்று கேட்டார். ரோ திண்டாடித்தான் தம்முடையதைக் கண்டுபிடித்தார். சக்கரவர்த்திக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை.

கும்பினியின் அடிப்படைச் சங்கடம் இதில் அடங்கியிருக்கிறது. இந்த நாட்டில் விற்க அவர்களிடம் சரக்கு இல்லை. கம்பளித் துணி இந்த வெயிலுக்கு யாருக்கு வேண்டும்? கப்பலில் வந்த தோல் சாமான்கள் பூசணம் பிடித்தன, நிலைக்கண்ணாடிகளில் ரசம் போயிற்று, முலாம் மங்கிற்று. சாமானைத் தேர்ந்து அனுப்புங்கள் என்று ரோ கடிதத்துக்குக் கடிதம் முறையிட்டார். வாங்கவோ நிறைய இருந்தது. பயானா அவுரி, சர்க்கேஜ் அவுரி, குஜராத் பருத்தித் துணி. அதற்கெல்லாம் வெள்ளி கொட்டிக் கொடுக்கவேண்டும். கொடுக்க மட்டும் தெரிந்த வாடிக்கைக்காரனுக்கு எந்தக் கடையிலும் வரவேற்பு உண்டு. ஆனால் அவன் நிபந்தனை பேச ஆரம்பித்தால் யார் கேட்பார்கள்?

ரோ நிபந்தனை பேசத்தான் வந்திருந்தார். எல்லாத் துறைமுகங்களிலும் தடையின்றி வியாபாரம், ஒரு தடவை சுங்கம் கட்டினால் வழியில் வேறு வரி கூடாது, அரசருக்கு வரும் காணிக்கையைச் சாவடியில் பிரிக்கக்கூடாது, சரக்கை அதிகாரிகள் பலாத்காரமாக எடுக்கக்கூடாது, இறந்த ஆங்கிலேயரின் சொத்தைப் பறிக்கக்கூடாது. இப்படிப் பல ஷரத்துக்களை எழுதிக்கொடுத்தார். ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கை. ஆனால் ஒப்பந்தம் என்பது இரண்டு அரசர்கள் சமமாக உட்கார்ந்து செய்வது. சக்கரவர்த்தி கொடுப்பதோ பர்மான்; வேண்டி நின்றவனுக்கு மனமிரங்கிக் கொடுப்பது, நாளைக்கு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளக் கூடியது. தூரத்துத் தீவு ஒன்றின் வியாபாரிகளுக்காகத் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள ஜஹாங்கீருக்கு என்ன அவசியம்? இதை ரோ அகங்காரம் என்று எழுதினார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே நடப்பில் இருந்த முறை அது.

அவர் மனு போன வழியும் கரடுமுரடு. வெளிநாட்டார் விஷயங்கள் நூர்ஜஹானின் சகோதரர் ஆஸப் கான் கையில். சூரத்தோ இளவரசர் குர்ரம் வசம். பின்னாளில் ஷாஜஹான் ஆனவர் இவரே. ஆஸப் கானின் மருமகனும் இவரே. ஆகவே குர்ரமைப் பற்றி ஆஸப் கானிடம் முறையிடுவது மருமகனைப் பற்றி மாமனாரிடம் முறையிடுவதாக முடிந்தது. ரோவுக்குப் பாரசீகம் தெரியாது. அவருடைய துபாஷியாக இருந்த தரகர், பெரிய இடத்தில் கடுமையான சொல்லை அப்படியே சொல்லப் பயந்து, பதமாக மாற்றிச் சொல்லிவிடுவார். பாவம், ஸ்தானாபதி ஒரு நாள் ஊருக்குப் போய்விடுவார். தரகர் அங்கேதானே பிழைக்க வேண்டும்!

1616 அக்டோபரில் பாரசீக ஷா அப்பாஸின் ஸ்தானாபதி வந்தார். அரபுக் குதிரைகள், ஒட்டகங்கள், கம்பளங்கள், வெனிஸ் நகரத்து நிலைக்கண்ணாடிகள் என்று காணிக்கை நீண்டுகொண்டே போயிற்று. வந்தவர் தலையைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தார். அவரை எங்கே நிறுத்தினார்கள், தமக்குக் கொடுத்ததைவிட அதிக மரியாதை உண்டா என்று ரோ ஆள் வைத்துக் கவனித்தார். அன்றைய நாட்குறிப்பில் பொறாமை தெரிகிறது. தம் கைக்காணிக்கையை நினைத்த வெட்கமும் தெரிகிறது.

சக்கரவர்த்திக்கு ரோவின் மேல் தனிப்பட்ட பிரியம் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. கற்கள் பதித்த தங்கக் கிண்ணம் ஒன்றைப் பிறந்த நாளன்று கொடுத்தார். அதில் ஊற்றியிருந்த மது ரோவுக்குத் தும்மல் வரும் அளவுக்குக் காட்டமாக இருந்தது. வேட்டையில் கொன்ற காட்டுப்பன்றியை ரோவுக்கு அனுப்பிவிட்டு, கொம்புகளை மட்டும் திருப்பிக் கேட்டார். இங்கிலாந்திலிருந்து பெரிய குதிரை ஒன்று வேண்டும் என்றார். கடலில் பிழைக்காதே என்று ரோ சொன்னதற்கு, ஆறு ஏற்றினால் ஒன்றாவது பிழைக்கும், மெலிந்து வந்தாலும் நான் கொழுக்க வைத்துக்கொள்கிறேன் என்றாராம். 1617-இல் ரோ மெர்காடர் செய்த தேசப்படப் புத்தகத்தைக் கொடுத்தபோது, சில நாளில் அது திரும்பி வந்தது. தம் ஆட்களால் அதைப் படிக்க முடியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. பிரியம் இருந்தது, ஷரத்துக்களில் முத்திரை விழவில்லை.

கடைசியில் காரியத்தை நகர்த்தியது ஒரு முத்து. இங்கிலாந்திலிருந்து வந்த உயர்ந்த முத்து ஒன்று தம்மிடம் இருப்பதை 1617-இல் ரோ ஆஸப் கானுக்குத் தெரிவித்து, இளவரசருக்குத் தெரியாமல் அவருக்கே மலிவான விலைக்குத் தர ஒப்புக்கொண்டார். ஆஸப் கான் அவரைத் தழுவிக்கொண்டார். அன்றுமுதல் வழி கொஞ்சம் இளகிற்று. இரண்டு வருஷம் நியாயம் பேசியும் ஆகாத காரியம்!

அதே 1617 செப்டம்பரில் கடலில் ஒன்று நடந்தது. கும்பினியைச் சேராத இரண்டு ஆங்கிலேயக் கொள்ளைக் கப்பல்கள், மோக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய பெருங்கப்பல் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தன. அதுவும் சக்கரவர்த்தியின் தாயாருக்குச் சொந்தமானது. கும்பினிக் கப்பல்கள் குறுக்கே வந்து அதைக் காப்பாற்றி, கொள்ளையரைப் பிடித்தன. சற்றுத் தாமதித்திருந்தால் ரஹீமி கதை ஆங்கிலேயர் பெயரில் மறுபடி நடந்திருக்கும். சூரத்தில் ஓர் ஆங்கிலேயர் மிஞ்சியிருக்க மாட்டார். ஆனால் இதைவிடக் கசப்பான பாடம் ஒன்றையும் ரோ கற்றார். சக்கரவர்த்தியின் ராஜ்யத்துக்கு நிலத்தில் எவரையும் பற்றிய பயமில்லை. சூரத்திலிருந்து செங்கடலுக்குப் போகும் கப்பல்கள் விஷயத்தில் மட்டுமே பயம். அந்த இடத்தில் கை வைத்தால் கேட்டது கிடைக்கும் என்று அவர் லண்டனுக்கு எழுதினார். மரியாதை, வணக்கம், படிக்கட்டு என்று பேசிக்கொண்டிருந்த மனிதர் கடைசியில் இந்த யோசனைக்கும் வந்து சேர்ந்தார். பின்னால் வந்தவர்கள் அதை நன்றாகவே உபயோகித்தார்கள்.

1618-இல் ஆமதாபாத்தில் குர்ரம் இளவரசர் சூரத் வியாபாரத்துக்கு ஒரு பர்மான் கொடுத்தார். அதிலும் கட்டுப்பாடுகள் இருந்தன. நகரத்தில் ஆங்கிலேயர் வீடு வாங்கவோ கட்டவோ கூடாது; ஆயுதம் தரித்து வருவோர் தொகைக்கு வரம்பு. ரோ ஆசைப்பட்ட உடன்படிக்கை அது அல்ல. சக்கரவர்த்தி ஜேம்ஸ் அரசருக்குப் பதில் கடிதம் கொடுத்தார். அதிலும் ஒரு நுட்பம்: முத்திரையைக் கடிதத்தின் தலையில் பதித்தால் அனுப்புகிறவர் உயர்ந்தவர் என்று ஆகும், அடியில் பதித்தால் தாழ்ந்தவர் என்று ஆகும். ஆகவே முத்திரையைத் தனியாகவே கொடுத்தனுப்பி, விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள். படிக்கட்டுச் சண்டையில் மூன்று வருஷம் கழித்தவருக்கு இதன் அழகு நிச்சயம் புரிந்திருக்கும்.

கும்பினிக்கு ரோ சொன்ன யோசனைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, இனி இங்கே ராஜதூதர் வேண்டாம். சாதாரண ஏஜெண்டு ஒருவன் தலை குனிந்து, பணம் கொடுத்து, அவமானம் வந்தால் துடைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடுவான், அரசரின் பெயரைத் தாங்கியவனால் அது முடியாது, செலவும் பாதிதான். தம் உத்தியோகத்தையே வேண்டாம் என்று எழுதிய மனிதர்! மற்றொன்று, கோட்டையும் படையும் வியாபாரத்துக்கு ஆகாது. போர்ச்சுக்கீசியர் இத்தனை ஊர்களைக் கையில் வைத்துக்கொண்டும் சிப்பாய்ச் செலவில் வரவெல்லாம் கரைந்து ஏழையாக நிற்கிறார்கள்; டச்சுக்காரர்களும் அதே வழியில் போகிறார்கள்; லாபம் வேண்டுமானால் கடலிலும் அமைதியான வியாபாரத்திலும் தேடுங்கள் என்றார். கும்பினி நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் இந்த யோசனையின்படி நடந்தது. எப்போது விட்டதோ, அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

1619 பிப்ரவரியில் ரோ சூரத்தை விட்டுக் கப்பலேறினார். ஜஹாங்கீர் தம் ராஜ்யத்தில் நடந்ததையெல்லாம் தாமே எழுதிய பெரிய சரித்திரம் உண்டு. பறவையின் நிறம், பழத்தின் ருசி, யானையின் குணம், தமது மதுப்பழக்கம் வரை அதில் இருக்கிறது. பாரசீக ஸ்தானாபதியைப் பற்றியும் இருக்கிறது. மூன்று ஆண்டு எதிரே நின்ற சர் தாமஸ் ரோவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஊரில் இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. 1621-இல் அவரை இஸ்தான்புல்லுக்கு அனுப்பினார்கள். அங்கும் அதே ஏற்பாடு: அரசர் நியமனம், துருக்கி வியாபாரம் செய்த லெவாண்ட் கம்பெனியின் சம்பளம். இம்முறை மனைவியையும் அழைத்துப் போனார். போய்ச் சேர்ந்த சில மாதத்தில், 1622 மே மாதம், இளம் சுல்தான் உஸ்மானை அவருடைய ஜானிஸாரிப் படையினரே கொன்றார்கள். அடுத்து முஸ்தபா, 1623-இல் முராத். இரண்டு வருஷத்துக்குள் மூன்று சுல்தான்கள். சக்கரவர்த்தி ஒருவரைப் பிடித்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அவர் ஆஜ்மீரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். இங்கே பொறுமையாக மந்திரிகள், காரியஸ்தர்கள், மற்ற நாட்டு ஸ்தானாபதிகள் என்று எல்லாரோடும் பழகினார். ஆங்கிலேய வியாபாரிகளின் பழைய சலுகைகளை நிலைநிறுத்தினார். அல்ஜீரியக் கடற்படையினரிடம் கைதிகளாக இருந்த நூற்றுக்கணக்கான ஆங்கிலேயரை விடுவிக்க உடன்படிக்கை செய்தார். மொகலாய தர்பாரில் கிடைக்காத ஒப்பந்தம் உஸ்மானிய ராஜ்யத்தில் கிடைத்தது. காரணம் எளிது: அங்கே வெளிநாட்டு வியாபாரிகளுக்கு எழுத்தில் சலுகை கொடுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. இவர் அதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1628 வரை அங்கே இருந்தார். கிரேக்கத் தலைமைக் குரு சிரில் லூகாரிஸ் ஆங்கிலேய அரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த மிகப் பழைய பைபிள் கையெழுத்துப் பிரதி இவர் கை வழியாகவே போயிற்று. அது இன்றும் லண்டனில் இருக்கிறது.

1629-இல் சுவீடன் அரசருக்கும் போலந்து அரசருக்கும் இடையே யுத்த நிறுத்தம் செய்துவைத்தார். பிறகு பல வருஷம் வேலையின்றி இருந்தார். அரசர் சார்லஸ் அவரை அடிக்கடி மறந்துவிட்டார். செலவுப் பணமும் ஒழுங்காக வரவில்லை. 1637-இல் கார்ட்டர் விருது வரிசையின் அதிகாரியானார். பின்னர் ஹம்பர்க், ராடிஸ்பான், வியன்னா என்று ஐரோப்பிய சமாதானப் பேச்சுக்களுக்கு அலைந்தார். 1640-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பார்லிமெண்டு பிரதிநிதியும் ஆனார். வியன்னாவிலிருந்து திரும்பும்போது சொந்த நாட்டில் அரசரும் பார்லிமெண்டும் யுத்தத்தில் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் சமாதானம் பேசியவர் தம் ஊருக்குப் பேச இடமில்லாமல், 1644 நவம்பர் 6-ஆம் தேதி பாத் நகரில் காலமானார். உட்போர்டு கிராமத்துக் கோவிலில் அடக்கம் செய்தார்கள். அவர் கீழ்நாடுகளில் சேர்த்துவைத்த பழைய நாணயங்களை எலியனார் அம்மையார் பின்னர் ஆக்ஸ்போர்டுப் புத்தகசாலைக்குக் கொடுத்துவிட்டார்.